நூறு வாட் கொசுறு

‘ஒரே விலை’ என்று பலகை மாட்டிய கடைக்குள் நான் காலெடுத்து வைப்பதில்லை. அந்தப் பலகையைப் பார்த்தாலே யாரோ வந்து என் வாயைப் பொத்துகிற மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் சாக்கு, கயிறு வியாபாரம். சித்தப்பாமார் இரண்டு பேருக்கும் பருத்திக் கமிஷன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ‘அம்மா’வுக்கு அடுத்தபடி சொல்லப் பழகுகிற வார்த்தை ‘கட்டாது’. சொன்ன விலையில் பாதியைக் கேட்பது, முக்காலில் முடிப்பது, முடித்த பிறகு கொசுறு கேட்பது. அந்தக் கொசுறு இருக்கிறதே, அதுதான் வியாபாரத்தின் ருசி. கருவேப்பிலையோ, ஒரு முழம் கயிறோ, எதுவானாலும் சரி, கடைக்காரன் மனசில்லாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாம் மனசாரச் சிரித்துக்கொண்டு வாங்க வேண்டும்.

நான் கண்ணுச்சாமி. மாந்தோப்புக் குத்தகை எடுக்கிறவன். தை மாதம் மரம் பூத்து நிற்கும்போதே பூவைப் பார்த்து, காயை மனதில் எண்ணி, தோப்புக்காரரிடம் விலை பேசி முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காற்றோ மழையோ யானையோ, எல்லாம் என் பாடு. மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் பத்தொன்பது ஏக்கர். அத்தனையும் சப்பட்டை, பஞ்சவர்ணம் ரக மாமரங்கள். பதினோரு வருடமாக அதை நான்தான் எடுக்கிறேன். மற்றபடி என்னிடம் இருப்பவை துண்டுதுக்காணித் தோப்புகள். அண்ணாச்சி தோப்பு கை நழுவினால் ஆனி மாதத்தில் எனக்கு வேலையும் இருக்காது, மார்க்கெட்டில் பெயரும் இருக்காது.

அந்தத் தோப்புக்கு ஒரு குறை. டவர் கிடையாது. என் மனைவியின் தம்பி பொன்னுராஜ்தான் பூ வருவதற்கு முன்பிருந்தே பறிப்புவரை அங்கே காவல். போன வருடம் யானை இறங்கி வந்தபோது, அவன் டவர் கிடைக்கும் பாறைவரை ஓடி எனக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் நான்கு மரங்கள் முறிந்துவிட்டன. பட்டாசோடு ஆள் போய்ச் சேர்ந்தபோது யானைக்கூட்டம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, எங்களைப் பார்த்துப் பயந்து அல்ல, வயிறு நிறைந்து.

அதனால்தான் இந்த வருடம் பேசும் செட் வாங்குவதென்று முடிவு செய்தேன். சி.பி. ரேடியோ என்று பெயர். பட்டனை அமுக்கிப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். டவரும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். ரீசார்ஜ் வேண்டாம் என்ற இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரெனிட்டா என்ற பெண் கேமராவும் இன்வெர்ட்டரும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். மில்களுக்கு வாக்கிடாக்கி கொடுப்பதும் அவள்தான். வாசலில் பலகை எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே போனேன். பலகை அவளுடைய முகத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

இரண்டு செட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“மொத மொதல்ல செட் வாங்குறவங்க வாட்டைத்தான் கேப்பாங்க, அண்ணாச்சி. அதைப் பாக்காதீங்க. பேட்டரி எம்புட்டு நேரம் நிக்குதுன்னு பாருங்க. இந்தப் பட்டன் உங்க ஆளு வெரலுக்குத் தோதா இருக்கான்னு பாருங்க. இந்தத் திருகு இரைச்சலைக் கொறைக்கும். தோப்புக்கு இது போதும்.”

“எல்லாஞ் சரி தாயி. வாட் எம்புட்டு?”

“அஞ்சு. ஏரியல் செட்டோடவே பொருத்துனது, பிசின் வச்சு ஒட்டியிருக்கு, கழட்டக்கூடாது. இந்த அளவு வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு அரசாங்கமே சொல்லிருச்சு. இந்தாங்க, சான்று நம்பர்.”

“சரி, பத்தா ஆக்கிக் குடு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “என்னது?”

“நான் பத்து கேக்கேன். நீ ஆறுன்னு சொல்லு. எட்டுல முடிப்போம்.”

“அண்ணாச்சி, இது கத்திரிக்காய் இல்ல. சட்டம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அரசாங்கம் அஞ்சு என்றால் அது சொல்லும் விலை. கொடுக்கும் விலை வேறு ஒன்று இருக்கத்தான் செய்யும். முதல் வாயில் கடைசி விலையைச் சொல்லும் மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. அரசாங்கம் மட்டும் எப்படி அவ்வளவு வெகுளியாக இருக்கும்?

“ஆன்லைன்ல இருவத்தஞ்சு வாட் காட்டுதானே?”

“காட்டுதான். அதுல சான்று நம்பர் காட்டுதானான்னு பாருங்க. நான் அதை விக்கிறதில்ல. வாட் கூடுனா அடுத்தவன் செட்டுல, டிவில, மைக்செட்டுலயெல்லாம் போயி இரையும். அஞ்சு போதும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்குள்ள நின்னு பேசாதீங்க, மாடிக்குப் போங்க. அங்க உங்க ஆளும் வெட்டவெளியில நிக்கணும், தகரக் கூரைக்கடியில நிக்கக்கூடாது. செட்டை நேரா பிடிக்கணும். பொறவு, ரகசியம் பேசாதீங்க. இதே மாதிரி செட் வச்சிருக்க யாரும் கேக்கலாம்.”

இவ்வளவையும் நான் பாதிக் காதில்தான் வாங்கினேன். மீதிக் காது விலைக்காகக் காத்திருந்தது. அவள் விலையைச் சொன்னாள். நான் பாதியைக் கேட்டேன். அவள் மறுபடியும் அதே விலையைச் சொன்னாள். முக்கால் பேசினேன். அவள் செட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். கதவுவரை போய் நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை. வேறு வழியில்லாமல் திரும்பி வந்து முழுப்பணத்தையும் எடுத்து வைத்தேன். என் கையா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“சரி, கொசுறு என்ன தருவே?”

“புத்திமதிதான் கொசுறு. அஞ்சு வாட்டைத் தாண்டாதீங்க.”

வெளியே வந்து, எதிர்க்கடையில் கால் கிலோ பால்கோவா வாங்கி, அதன்மேல் ஒரு கரண்டி கொசுறும் வாங்கித் தின்ற பிறகுதான் மனசு ஆறியது.

அன்று சாயங்காலமே சோதனை. நான் ராஜபாளையம் வீட்டில் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பட்டனை அமுக்கினேன். ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் பொன்னுராஜ் தோப்பு பம்ப்செட் ரூமில், தகரக் கூரைக்கடியில், கயிற்றுக்கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசினான். வாணலியில் கடுகு வெடிக்கும் சத்தம்தான் கேட்டது.

“பாத்தியா? அஞ்சு வாட்டு! எம்புட்டுச் சொன்னேன் அந்தப் பிள்ளைகிட்ட, எட்டாவது குடுன்னு!” என்று என் மனைவி வெங்கடேஸ்வரியிடம் கத்தினேன்.

மறுநாள் தென்காசி ரோட்டில் வல்லரசு கடைக்குப் போனேன். பழைய லாரிச் சாமான்கள் விற்பவன். எங்கள் ஜாதி மனுசன். ஜாதி என்றால் பேரம் பேசும் ஜாதி. பெரிய பேட்டரி மாட்டினால் செட்டுக்குத் தெம்பு கூடும் என்று நினைத்து, லாரி பேட்டரி ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் பேசினோம். இரண்டு டீ குடித்தோம். அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதை விசாரித்தேன். அவன் என் சர்க்கரை அளவை விசாரித்தான். கடைசியில் விலை படிந்ததும் நான் கண்ணைச் சுழற்றினேன். அலமாரியில் விலா எலும்புகள் போலத் தகடுகள் வரிசையாக நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி.

“அது என்ன?”

“கப்பல் ஒடைக்கிற எடத்துல இருந்து வந்தது அண்ணாச்சி. ரேடியோவுக்கு முன்னால மாட்டுனா நூறு வாட் அடிக்கும். இங்க ஒரு பயலும் வாங்க மாட்டேங்கான்.”

நூறு! அந்தப் பெண் ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற மாட்டேன் என்றாள். இங்கே நூறு வாட் சும்மா தூசி படிந்து கிடக்கிறது.

“கொசுறாப் போடுப்பா.”

அவன் முகம் ஒரு விநாடி வாடியது. அதைப் பார்த்ததில் என் நெஞ்சு குளிர்ந்தது. போட்டான்.

தோப்புக்கு வந்து அவனே மாட்டியும் கொடுத்தான். செட்டின் ஏரியலைப் பிசினோடு பெயர்த்துத் திருகிக் கழற்றினான். அந்த இடத்தில் ஒயரைச் செருகிப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பம்ப்செட் ரூம் கூரைமேல் நட்ட இருபது அடிக் குழாய்க்கும் இழுத்தான். கழற்றிய ஏரியல் முழ நீளத்தில் கறுப்பாக, வளைந்து கொடுத்தது. பொன்னுராஜ் அதை முதுகு சொறிய வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்தபடியே அவன் குரலைக் கேட்டேன். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ரெனிட்டாவின் கடைப் பக்கம் போய்க் காறித் துப்பிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன்.

தை மாதம் பூ வந்தது. எப்பேர்ப்பட்ட பூ! நான் போய்ப் பார்த்தேன். மரங்களில் இலையைத் தேட வேண்டியிருந்தது. உடனே எங்கள் தொழிலுக்குரிய காரியத்தைச் செய்தேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் போன் செய்து, “தத்துப்பூச்சி விழுந்திருச்சு அண்ணாச்சி. பூவெல்லாம் கருகிக் கெடக்கு. இந்த வருசம் எனக்கு நட்டந்தான்” என்று அழாத குறையாகச் சொன்னேன். அண்ணாச்சி பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. முழங்கால் தேய்ந்துவிட்டது. தோப்புக்குள் நடந்து பார்க்க அவரால் முடியாது. அந்த முழங்காலை நம்பித்தான் நான் பொய் சொன்னேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

விலை பேச நாள் குறித்தார். காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை எடுத்தேன். பாதி வழியில் போன்.

“கண்ணுச்சாமி, வீட்டுக்கு வராத. பேரனுக்குக் காதுகுத்து. தோப்பை ஒட்டி நம்ம சாமி கோவில் இருக்குல்லா, அங்கதான் எல்லாரும் போய்க்கிட்டு இருக்கோம். நேரா அங்க வந்துரு. சாப்பாட்டுக்கு முன்னால பேசி முடிச்சிருவோம்.”

மம்சாபுரத்தில் வண்டியைத் திருப்பினேன். பொன்னுராஜிடம் சொல்ல வழியில்லை. செட் வீட்டில் வெங்கடேஸ்வரியிடம் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன்.

கோவிலுக்கும் எங்கள் பம்ப்செட் ரூமுக்கும் நடுவில் உயர்ந்து அடர்ந்த ஒரு முள்வேலிதான், அதைத் தாண்டித் தோப்பு கண்ணுக்குத் தெரியாது. பந்தல், அடுப்புப் புகை, ஆட்டுக்கறி வாசனை. மைக்செட்காரர் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்றை வேப்பமரத்திலும், இன்னொன்றை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற என் இருபது அடிக் குழாயிலும் கட்டியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரம். என் குழாய் ஊருக்கு உபயோகப்படுகிறதே என்று பெருமைகூடப் பட்டேன்.

“அதென்ன புதுசா கொழாய்?” என்றார் அண்ணாச்சி.

“துணி காயப்போட, அண்ணாச்சி.”

“இருவது அடி ஒயரத்துலயா?”

“பொன்னுராஜுக்கு அப்படி ஒரு பழக்கம்.”

பந்தலின் ஓரமாக ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். நாலடி தள்ளி ஆலங்குளம் இருதயம் உட்கார்ந்திருந்தான். அவனும் தோப்பு எடுக்கிறவன்தான். அண்ணாச்சி அவனையும் அழைத்திருந்தார். நான் படியாவிட்டால் அடுத்த துண்டு அவனுக்கு.

துண்டு என்றால், எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் கையைக் கொடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒரு லட்சம். வாய் மழையைப் பற்றிப் பேசும், மருமகளைப் பற்றிப் பேசும். விலை விரலுக்கும் விரலுக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு தோள்கள் அசைவதுதான் தெரியும். முப்பது வருடத்தில் என் விலை துண்டைத் தாண்டி வெளியே போனதில்லை.

அண்ணாச்சி துண்டை விரித்துப் போட்டார். நான் அவருடைய நான்கு விரல்களைப் பிடித்தேன்.

“கால் வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“மாத்திரை சாப்பிடுதேன்.” அவர் என் ஐந்து விரல்களையும் பிடித்து, விட்டு, மறுபடியும் மூன்றைப் பிடித்தார். எட்டு.

நான் முகத்தைச் சுளித்து, மறுபடியும் அதே நான்கைப் பிடித்தேன். “பூவு கருகிப்போச்சே அண்ணாச்சி” என்று பெருமூச்சு விட்டேன். அண்ணாச்சியின் பிடி தளர்ந்தது, எனக்குத் தெரிந்தது. ஏழு வரை போக நான் தயாராகத்தான் வந்திருந்தேன். ஐந்தில் முடிந்துவிடும் போல இருந்தது.

மேடையில் பேரனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் சாமி பாட்டு. திடீரென்று பாட்டு கரகரத்தது. அமுங்கியது. அதன்மேல் ஒரு குரல் ஏறி உட்கார்ந்தது.

“அக்கா… அக்கா… கேக்குதா? ஓவர்.”

பந்தல் முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. குரல் தெரிந்த குரல். தெரிந்த குரல் தெரியாத இடத்திலிருந்து வந்தால் மூளை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

“அத்தான் கெளம்பிட்டாவளா? கிழவர்கிட்ட தத்துப்பூச்சி அடிச்சிருச்சுன்னு அடிச்சுவிட்டிருக்காவளாமே! எனக்குச் சிரிப்பாணி தாங்கல. இங்க வந்து பாரு. மேக்கால எலையே தெரியல, பூவுதான். சப்பட்ட மரம் பூரா மஞ்சப் பூசுன மாதிரி நிக்கி. பதினோரு வருசத்துல நான் பாக்காத பூவு. ஓவர்.”

இரண்டு ஸ்பீக்கர்களிலும். மலையில் பட்டு எதிரொலியும் வந்தது. ‘பூவு’ என்று மலை ஒரு தரம் சொன்னது.

மைக்செட்காரர் பாட்டை நிறுத்தினார். அப்போதும் குரல் நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கப் பதறி ஓடியவர், எந்த ஒயர் என்று தெரியாமல் மூன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெங்கடேஸ்வரி அந்தப் பக்கம் ஏதோ பதில் சொல்லியிருக்க வேண்டும். அது எங்களுக்குக் கேட்கவில்லை. அவன் அதைத் திருப்பிச் சொன்னது கேட்டது, ஊருக்கே கேட்டது.

“என்னது? ஏழு வரைக்கும் போவாவளா? நாலுல முடிச்சிட்டா மிச்சத்துக்கு எனக்கு ஒரு வண்டி எடுத்துத் தரச் சொல்லுக்கா! கிழவர் முட்டு வலிக்காரரு, மரத்துக்குள்ள வந்து பாக்கவா போறாரு? ஓவர்.”

ஆசாரி அந்த நேரத்தில் காதைக் குத்திவிட்டார். குழந்தை அழவே இல்லை. அதுவும் ஸ்பீக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

என் கை இன்னும் துண்டுக்கடியில் இருந்தது. அவருடைய நான்கு விரல்களைப் பிடித்தபடி. விட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. இருதயம் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறவன் பார்க்கும் இடம் அது.

அண்ணாச்சி அடிப்பார் என்று நினைத்தேன். பட்டாளத்துக் கை. அவர் என்னை இழுத்துக் காதருகே குனிந்தார்.

“இது எம்புட்டு வாட்?”

“என்னது அண்ணாச்சி?”

“காது கேக்கலியா? உன் மச்சினன் பேசுத செட்டு. எம்புட்டு வாட்?”

பூவைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருப்பேன். விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் பத்து பதில் வைத்திருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் சரக்கு இல்லை. பழக்கத்தில் வாய் திறந்தது.

“அஞ்சு.”

“அஞ்சு வாட் என் பேரன் காதுகுத்துல வந்து பாடாது. சரியாச் சொல்லு.”

“ஒரு பத்து இருக்கும்.”

அவர் என் விரல்களை நெரித்தார். “மேல வா.”

“இருவது.”

“மேல.”

“அம்பதுல முடிச்சிருவோம் அண்ணாச்சி.”

“கண்ணுச்சாமி!”

“நூறு” என்றேன்.

என் வாழ்க்கையில் எதிராளி கேட்ட இடத்துக்கு நான் ஏறி வந்து முடித்த இரண்டாவது பேரம் அது, முதலாவது ரெனிட்டாவிடம். அண்ணாச்சியின் முகம் வெளுத்துப் போனது. நான் சொன்ன பொய்க்கு அவருடைய புருவம்கூட ஏறவில்லை. நூறு என்றதும் அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

“நூறா? ஏலே, நூறா? பூவு கருகிப்போச்சுன்னு நீ சொன்னது வியாபாரம். வருசா வருசம் சொல்லுதே, நானும் எட்டுன்னு ஆரம்பிக்கேன். ஆனா இது! மலைக்கு இந்தப் பக்கம் காவல் இருக்கவன் ஒருத்தன் யானைன்னு கூப்பிட்டா, உன் நூறு வாட்டு அவன் வாயைப் பொத்திரும்லே! நீ துணி காயப்போடுதேன்னு சொன்னே!”

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை நிலைகுலைய வைத்தது. துண்டை உருவி எடுத்தார். எங்கள் இரண்டு கைகளும், என் பிடியில் அவருடைய நான்கு விரல்களும், பட்டப்பகலில், ஊருக்கு நடுவில். முப்பது வருடத்தில் என் விரல்கள் அப்படி வெயில் பட்டதில்லை. பந்தலுக்குள் வேட்டி அவிழ்ந்து நின்றவன் மாதிரி ஆனேன்.

“ஊரே கேட்ட பொறவு துண்டு எதுக்கு?” என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வா. மொதல்ல அவனை நிறுத்து.”

வேலிப் படலைத் திறந்து போனோம். அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இருதயமும் கூட வந்தான், வேடிக்கைக்குக் காசா கேட்கப்போகிறார்கள்? பம்ப்செட் ரூமில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இரைச்சலில், வேலிக்கு அப்பால் யார் வீட்டு விசேஷம் என்பதும் தன் குரல் ஸ்பீக்கரில் போவதும் தெரியாமல் பொன்னுராஜ் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். ஒரு கையில் செட், மறு கையில் முதுகு சொறியும் ஏரியல். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

“அத்தான், நீங்க சீவில்லிபுத்தூர்ல…” என்று ஆரம்பித்தவன் பின்னால் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தான். அவன் முகத்தில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை.

அண்ணாச்சி நேரே உள்ளே போனார். பேட்டரியிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மூலையில் கிடந்த குறடை எடுத்து, பெட்டியிலிருந்து வந்த ஒயரை இரண்டு இடத்தில் வெட்டினார். “இதை எவன் தலையிலயும் கட்டிராத” என்றார் என்னைப் பார்க்காமலே. யார் தலையில் கட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. பிறகு பொன்னுராஜின் கையிலிருந்து ஏரியலைப் பிடுங்கி, வேட்டியில் துடைத்து, செட்டில் திருகினார். வெளியே கிணற்று மேட்டில், மேலே மரமே இல்லாத இடத்தில் போய் நின்றார். செட்டை நேராகப் பிடித்து, வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிவைத்துப் பட்டனை அமுக்கினார்.

“ராஜபாளையம், ராஜபாளையம். கேக்குதா? ஓவர்.”

ஐந்து வாட். நான் உள்ளூர அது கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கேட்டுவிட்டால் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒரு நியாயமும் மிஞ்சாது.

இரைச்சல் வந்தது. திருகை ஒரு சுற்றுச் சுற்றினார். வெங்கடேஸ்வரியின் குரல், மெலிசாக, ஆனால் அட்சரம் பிசகாமல்:

“கேக்குது, கேக்குது. மாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க யாரு?”

மாடி. வெட்டவெளி. நேராகப் பிடித்த செட். அந்தக் கடைக்காரப் பெண் கொசுறாகக் கொடுத்த புத்திமதி ஒவ்வொன்றும் கிணற்று மேட்டில் வரிசையாக வந்து நின்றது.

“ஆவுடையப்பன் பேசுதேன்மா. உன் தம்பி சொன்னதையெல்லாம் காதுகுத்துக்கு வந்த அம்புட்டுப் பேரும் ஸ்பீக்கர்ல கேட்டாச்சு. ஓவர்.”

இரைச்சல். வெகுநேரம் இரைச்சல். என் மனைவி மயங்கி விழுந்துவிட்டாளோ என்றுகூடப் பயந்தேன். பிறகு அவள் குரல், ஒரு நடுக்கமும் இல்லாமல், இழவு வீட்டில் துக்கம் கேட்கும் தோரணையில் வந்தது:

“அண்ணாச்சி, பூவெல்லாம் தத்துப்பூச்சி அடிச்சுப்போச்சாமே? மனசே சரியில்ல. ஓவர்.”

அண்ணாச்சி செட்டையே பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றிலும் மஞ்சளாக நின்ற பத்தொன்பது ஏக்கரையும் பார்த்தார். இருதயம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானோ, அத்தனை அதிர்ச்சிக்கு நடுவிலும், இவளுக்கு நான் தாலி கட்டியது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

சிரித்து முடித்த இருதயம் எழுந்து வேட்டியைத் தட்டினான். “அண்ணாச்சி, நான் எட்டு தாரேன். துண்டு வேண்டாம். வாயாலேயே சொல்லுதேன்.”

எட்டு. என் உச்சத்துக்கு மேல் ஒன்று. பதினோரு வருடம். இந்த மரங்களுக்கு மருந்து வைத்தது, முறிந்த கிளைக்கு முட்டுக் கொடுத்தது, யானை மிதித்த கன்றுக்கு மறுகன்று நட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். அதைச் சொன்னால் பேரம் என்றுதான் கேட்கும். நேற்றுவரை நான் அப்படித்தானே பேசியிருக்கிறேன்.

“அண்ணாச்சி” என்றேன்.

அண்ணாச்சி இருதயத்தைப் பார்த்தார். “நீ மரத்தைப் பாத்து எட்டு சொல்லல. ஸ்பீக்கரைக் கேட்டுச் சொல்லுத. போயி சாப்புடு, கறி ஆறுது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எட்டரை. கொறைக்க மாட்டேன். இனிமே இங்க அஞ்சு வாட்டு, அதுவும் வெளிய நின்னு. சரியா?”

எட்டரை. ஒரே விலை. பலகை இல்லாத பலகை. காய் நன்றாக நின்றால் கூலி போகக் கையில் ஏதோ மிஞ்சும். காற்று அடித்தால் அதுவும் இல்லை. எட்டேகால் என்று சொல்ல நாக்கு தானாக மேலே எழுந்தது. பொன்னுராஜ் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தான். வண்டி கேட்டவன்.

“சரி அண்ணாச்சி” என்றேன். என் குரல் ஒன்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருவது மாதிரி எனக்கே கேட்டது.

அவர் செட்டைப் பொன்னுராஜின் கையில் கொடுத்துவிட்டு நான்கு அடி நடந்தார். நின்றார். கிணற்று மேட்டை ஒட்டி நின்ற இரண்டு சப்பட்டை மரங்களைக் கையால் காட்டினார். தோப்பிலேயே பெரிய காய் காய்ப்பவை அவைதாம்.

“அந்த ரெண்டு மரத்துக் காயும் என் வீட்டுக்கு. கொசுறு.”

எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் மனசாரச் சிரித்தார். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது.